இரும்புக் கோட்ட நீங்களே பாக்கலாம்: எக்ஸ்ரே டேட்டாவ வச்சு ராட்சசக் கருந்துளைய படிக்கிற வழி

காலேஜ்ல பிசிக்ஸ் படிக்கிற தம்பி ஒருத்தர் மெசேஜ்ல கேட்டாரு, "அண்ணா, கருந்துளை பத்தி வீடியோ பாத்து பாத்து சலிச்சுப் போச்சு, நானே ஏதாவது செய்யணும், டெலஸ்கோப் வாங்கணுமா?"ன்னு. வேண்டாம் தம்பி. ஒரு சுமாரான லேப்டாப்பும் நெட்டும் இருந்தா போதும், விண்வெளில சுத்துற டெலஸ்கோப் எடுத்த ஒரிஜினல் டேட்டாவே காசில்லாம கிடைக்குது, அத டவுன்லோட் பண்ணி நாமளே பிரிச்சுப் பாக்கலாம். அவருக்கு பதில் எழுத ஆரம்பிச்சது நீண்டுக்கிட்டே போச்சு, சரி எல்லாருக்கும் உதவட்டும்னு இங்கயே முழுசா எழுதிடறேன். எம்சிஜி-6-30-15ங்கிற ஒரே ஒரு கேலக்ஸிய, அதோட நடுவுல இருக்குற ராட்சசக் கருந்துளைய எடுத்துக்கிட்டு கடைசி வரைக்கும் போறேன். ஒண்ண முழுசா செஞ்சு பாத்துட்டீங்கன்னா மத்ததுக்கும் அதே வழிதான்.

மொதல்ல ஏன் எக்ஸ்ரேன்னு புரிஞ்சிக்கணும், இது புரியாம சாஃப்ட்வேர ஓட்டுனா நம்பர் வரும், ஆனா அந்த நம்பர் என்ன சொல்லுதுன்னு தெரியாது. கருந்துளைக்குள்ள விழப்போற வாயு நேரா போய் விழாது, சிங்க்ல அடைப்ப எடுத்து விட்டா தண்ணி சுழிச்சுக்கிட்டு இறங்குதுல்ல, அந்த மாதிரி சுத்திச் சுத்தி தட்டு மாதிரி படிஞ்சு மெதுவாத்தான் உள்ள போகும். போற வழில உரசி உரசி சூடாகும். சூரியனுக்குள்ள ஹைட்ரஜன் எரியுறப்ப அதோட நிறைல 0.7 சதவீதம்தான் ஆற்றலா மாறுது, ஆனா சுழலாத கருந்துளைக்குப் பக்கத்துல விழுற பொருள்ல சுமார் 5.7 சதவீதம் வெளிச்சமா வந்துரும், வேகமா சுழலுற கருந்துளைன்னா 30 சதவீதத்தையும் தாண்டும். அதனாலதான் நம்ம சூரியக் குடும்பத்த விடப் பெருசில்லாத ஒரு இடம் மொத்த கேலக்ஸியோட வெளிச்சத்தையே மங்க வச்சுடுது.

ஆனா ராட்சசக் கருந்துளையோட தட்டு பெரும்பாலும் அல்ட்ராவயலட்லதான் ஒளிரும், எக்ஸ்ரே அளவுக்கு அதுக்கு சூடு பத்தாது. எக்ஸ்ரே வர்றது அதுக்கு மேல, கருந்துளைக்கு ரொம்ப கிட்டத்துல இருக்குற கொரோனாங்கிற மேகத்துலேந்து, அங்க எலக்ட்ரான்களோட வெப்பநிலை நூறு கோடி டிகிரி பக்கம் இருக்கும். தட்டுலேந்து வர்ற அல்ட்ராவயலட் ஃபோட்டான், அதாவது ஒளித்துகள், அந்த எலக்ட்ரான் மேல மோதி மோதி ஆற்றல் ஏத்திக்கிட்டு எக்ஸ்ரேயா வெளிய வருது. அந்த எக்ஸ்ரேல ஒரு பங்கு நேரா நம்மகிட்ட வரும், இன்னொரு பங்கு கீழ தட்டு மேலயே போய் அடிச்சு திரும்பும். நமக்கு வேண்டியது இந்த ரெண்டாவது பங்குதான், அது தட்டோட உள்விளிம்பு வரைக்கும் தொட்டுட்டு வந்த வெளிச்சம்.

தட்டுல இருக்குற இரும்பு அணுவ எக்ஸ்ரே அடிச்சா அது 6.4 கிலோ எலக்ட்ரான்வோல்ட்ல, ஃபோட்டானோட ஆற்றல அளக்குற யூனிட் இது, இனிமே கேஇவின்னே சொல்றேன், ஒரு கோடா ஒளிய திருப்பி விடும். லேப்ல பாத்தா அது ஒல்லியான கோடு. ஆனா அந்த இரும்பு ஒளியோட வேகத்துல பாதி வேகத்துல சுத்திக்கிட்டிருந்தா? நம்மள நோக்கி வர்ற பக்கம் நீலத்துக்கு நகரும், விலகிப் போற பக்கம் சிவப்புக்கு நகரும், ரயில் ஹாரன் கிட்ட வரும்போது கீச்சுன்னும் தாண்டிப் போனதும் தணிஞ்சும் கேக்குதுல்ல, அதுதான். அது போதாதுன்னு கருந்துளையோட ஈர்ப்பும் ஃபோட்டானோட ஆற்றலப் பிடுங்கிக்கும், அதனால மொத்தக் கோடும் கீழ்ப்பக்கம் ஒரு நீளமான வால் இழுத்துக்கிட்டு வரும். இப்படித்தான் இருக்கும்னு 1989லயே கணக்குப் போட்டு சொல்லிட்டாங்க, 1994 ஜூலைல ஜப்பானோட அஸ்கா செயற்கைக்கோள் இந்த எம்சிஜி-6-30-15ஐ நாலரை நாள் தொடர்ந்து பாத்துச்சு, யாசுவோ தனாகாவும் கூட்டாளிங்களும் 1995ல நேச்சர்ல போட்டாங்க. கோட்டோட அகலம் விநாடிக்கு ஒரு லட்சம் கிலோமீட்டர் வேகத்துக்குச் சமமா இருந்துச்சு. அன்னைக்கு அவங்க பாத்தத விட நல்ல டேட்டா இன்னைக்கு உங்க லேப்டாப்லயே இறங்கும், எனக்கு இத நெனச்சா இன்னும் சிலிர்ப்பா இருக்கு.

இப்போ எந்த கேலக்ஸிய எடுக்கறதுங்கிற கேள்வி. புதுசா வர்றவங்க பேர் கேட்ட கேலக்ஸியா பாத்து எடுத்துட்டு மாட்டிக்குவாங்க. என்ஜிசி 1068 ரொம்பப் பிரபலம், ஆனா அதோட மையத்துக்கும் நமக்கும் நடுவுல அவ்வளவு அடர்த்தியா தூசியும் வாயுவும் இருக்கு, 10 கேஇவிக்குக் கீழ நேரா வர்ற எக்ஸ்ரே நமக்குக் கிடைக்காது, நமக்கு வர்றது சுவத்துல பட்டுத் தெறிச்ச வெளிச்சம் மட்டும். மார்கேரியன் 421 மாதிரி பிளேசர் எடுத்தா அதோட ஜெட், அதாவது கருந்துளை பக்கத்துலேந்து பீறிட்டு வர்ற தாரை, நம்ம மூஞ்சிக்கு நேரா அடிக்கும், தட்டோட கோடெல்லாம் அதுல மூழ்கிடும். ஆரம்பத்துக்கு நேரா மையம் தெரியுற, ஜெட் இல்லாத, பக்கத்துல இருக்குற, பிரகாசமான கேலக்ஸி வேணும், இந்த மாதிரி மையம் மறையாம பளிச்சுன்னு தெரியுறத செய்ஃபர்ட் 1 வகைன்னு சொல்லுவாங்க. எம்சிஜி-6-30-15 எல்லாத்துலயும் பொருந்துது, ரெட்ஷிஃப்ட் (கேலக்ஸி விலகிப் போறதால அதோட ஒளி சிவப்புப் பக்கம் நகர்ற அளவு) 0.00775, சென்டாரஸ்ங்கிற நட்சத்திரக் கூட்டத்துப் பக்கம், நெறைய டெலஸ்கோப் நெறைய நேரம் பாத்த கேலக்ஸி. ஒரே குறை, நடுவுல அயனியான வாயுத்திரை ஒண்ணு இருக்கு, அத பத்தி பின்னாடி சொல்றேன், சண்டையே அதுலேந்துதான் வருது.

கம்ப்யூட்டர் பக்கம் வருவோம். நாசாவோட ஹீசார்க் ஆர்கைவ்தான் டேட்டா கிடங்கு, அவங்களே ஹீசாஃப்ட்னு ஒரு பெரிய சாஃப்ட்வேர் மூட்டை தர்றாங்க, ஸ்பெக்ட்ரத்த, அதாவது எந்த ஆற்றல்ல எவ்வளவு வெளிச்சம்ங்கிற கணக்க, ஒரு மாடலோட பொருத்திப் பாக்குற, ஃபிட் பண்ற, எக்ஸ்-ஸ்பெக்கும் அதுக்குள்ளயே இருக்கு. லினக்ஸ், மேக் ரெண்டுலயும் ஓடும், விண்டோஸ் வச்சிருக்குறவங்க அதுக்குள்ளயே லினக்ஸ் சப்சிஸ்டம் போட்டுக்கணும். சோர்ஸ்லேந்து கம்பைல் பண்ணா நேரம் இழுக்கும், பாதில எரர் அடிக்கும், மனசு விட்டுராதீங்க. அது முடியலன்னா ஜான்ஸ் ஹாப்கின்ஸ் யூனிவர்சிட்டியோட சைசர்வர்ல ஃப்ரீ அக்கவுண்ட் போட்டு, ஹீசார்க் குரூப்ல சேந்துட்டா, எல்லாம் ஏற்கனவே போட்டு வச்ச கம்ப்யூட்டர் பிரௌசர்லயே திறக்கும், டேட்டாவும் அங்கயே இருக்கும், டவுன்லோடே வேண்டாம். நெட் ஸ்லோவா இருக்குற ஊர்ல இருக்குறவங்க கண்டிப்பா இந்த வழிய பாருங்க, நான் ஆரம்பிச்ச காலத்துல இது தெரிஞ்சிருந்தா எத்தனையோ ராத்திரி மிச்சமாகியிருக்கும். கூடவே படத்தைப் பாக்க டிஎஸ்9 வேணும், கேலிப்ரேஷன் ஃபைல் இருக்குற கால்டிபி வேணும். கால்டிபி பழசா இருந்தா பின்னாடி வர்ற எல்லாமே கோணலா வரும், அதனால மொத வேலையே அத அப்டேட் பண்றதுதான்.

எந்த டெலஸ்கோப் டேட்டாவோட ஆரம்பிக்கறது? என் அபிப்ராயம் நாசாவோட நியூஸ்டார். 2012 ஜூன் 13 அன்னைக்கு ஏவுனது, 3லேந்து 79 கேஇவி வரைக்கும் பாக்கும், பத்து மீட்டர் நீளக் கம்பத்தோட ஒரு முனைல கண்ணாடிங்க, மறுமுனைல ஏ, பின்னு ரெண்டு டிடெக்டர். ஏன் இதுன்னா, பிரகாசமான சோர்ஸ்னாலும் ஃபோட்டான் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து குழம்புற பைல்-அப் தொல்லை இதுல இல்ல, அதோட 3 கேஇவிக்கு மேலதான் ஆரம்பிக்குதுங்குறதால அந்த வாயுத்திரை குழப்பமும் கம்மி. ஆற்றலப் பிரிச்சுப் பாக்குற திறன் சுமார்தான், 0.4 கேஇவி, ஆனா நாம தேடுற கோடே அதைவிட பல மடங்கு அகலம், அதனால பரவால்ல.

ஹீசார்க் தேடல் பக்கத்துல கேலக்ஸி பேர அடிச்சு நியூஸ்டார் டிக் பண்ணா லிஸ்ட் வரும், 2013ல எடுத்த நீளமான அப்சர்வேஷன்கள்ல ஒண்ண எடுத்துக்குங்க, அதே நேரத்துல எக்ஸ்எம்எம்-நியூட்டன்ங்கிற ஐரோப்பாவோட எக்ஸ்ரே டெலஸ்கோப்பும் சேந்து பாத்திருக்கு, பின்னாடி உதவும். அப்சர்வேஷன் நம்பர எழுதி வச்சுக்குங்க. உள்ள சுத்தம் பண்ண ஈவன்ட் ஃபைல் ரெடியா இருக்கும், ஆனா அத அப்படியே எடுத்துக்காம நியூபைப்லைன் கமாண்ட புது கால்டிபி வச்சு நீங்களே ஒருவாட்டி ஓட்டுங்க. ஈவன்ட் ஃபைல்னா என்ன, விழுந்த ஒவ்வொரு ஃபோட்டானுக்கும் எந்த நேரம், எந்த இடம், எவ்வளவு ஆற்றல்னு எழுதி வச்ச நோட்டு, அவ்வளவுதான். படம், லைட் கர்வ் (நேரம் போகப் போக வெளிச்சம் எப்படி ஏறி இறங்குதுங்கிற கிராஃப்), ஸ்பெக்ட்ரம் மூணுமே இந்த ஒரே நோட்டுலேந்துதான் பிரியுது. பைப்லைன் முடிஞ்சதும் 01ங்கிற மோடுல இருக்குற ஏ, பி ஃபைல் ரெண்டும்தான் நமக்கு வேணும்.

டிஎஸ்9ல ஃபைல திறந்தா நடுவுல பளிச்சுன்னு ஒரு பொட்டு இருக்கும், சுத்தி லேசா பொடி தூவுன மாதிரி பேக்ரவுண்ட். பொட்ட சுத்தி 60 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரிய 3600ஆ பிரிச்சா ஒரு பங்கு ஒரு ஆர்க்செகண்ட்) ரேடியஸ்ல ஒரு வட்டம் போடுங்க, அது சோர்ஸ். பேக்ரவுண்டுக்கு இன்னொரு வட்டம், பெருசா, சோர்ஸோட ஒளி படாத தூரத்துல, முடிஞ்சவரைக்கும் அதே சிப் மேல. நியூஸ்டார் டிடெக்டர் நாலு சிப்ப ரெண்டுக்கு ரெண்டா ஒட்டி வச்சது, ஒவ்வொரு சிப்புக்கும் பேக்ரவுண்ட் கொஞ்சம் வித்தியாசப்படும். நான் முதல் தடவ செஞ்சப்ப பேக்ரவுண்ட் வட்டம் டிடெக்டர் ஓரத்த தாண்டி வெளிய நீட்டிக்கிட்டிருந்தத கவனிக்கல, 30 கேஇவிக்கு மேல டேட்டா மாடலோட ஒட்டவே மாட்டேங்குது, ஏதோ புது பிசிக்ஸ்னு நெனச்சு ரெண்டு வாரம் மாடல மாத்தி மாத்தி போட்டுப் பாத்தேன், கடைசில பாத்தா வட்டம்தான். அரிசில கல்லு பொறுக்காம உலை வச்சா அப்புறம் சோத்துல கடிபடத்தான் செய்யும், அதனால இந்த ரெண்டு வட்டத்துக்கு தாராளமா நேரம் செலவு பண்ணுங்க, இடத்த மாத்திப் போட்டு ரிசல்ட் மாறுதான்னும் பாருங்க. அப்புறம் நியூப்ராடக்ட்ஸ் ஓட்டுனா ஸ்பெக்ட்ரம், பேக்ரவுண்ட், ஏஆர்எஃப், ஆர்எம்எஃப்னு நாலு வகை ஃபைலும், லைட் கர்வும் கிடைக்கும். ஏஆர்எஃப்ங்கிறது எந்த ஆற்றல்ல டெலஸ்கோப் எவ்வளவு ஒளிய பிடிக்கும்ங்கிற கணக்கு, ஆர்எம்எஃப்ங்கிறது 6.4ல வந்த ஃபோட்டான டிடெக்டர் 6.2ன்னோ 6.6ன்னோ எவ்வளவு தடவ தப்பா எழுதும்ங்கிற கணக்கு. ரெண்டும் இல்லாத ஸ்பெக்ட்ரம் வெறும் எண்ணிக்கை.

ஸ்பெக்ட்ரத்துக்குத் தாவாதீங்க, மொதல்ல லைட் கர்வ பாருங்க. இந்த கேலக்ஸி சில மணி நேரத்துலயே பல மடங்கு ஏறி இறங்கும். நடுநடுவுல வெட்டு வெட்டா இடைவெளி இருக்கும், பயப்படாதீங்க, நியூஸ்டார் பூமிக்குப் பக்கத்துலயே சுத்துது, ஒவ்வொரு சுத்துலயும் பூமி நடுவுல வந்து மறைச்சுக்கும். இந்த ஏத்த இறக்கமே ஒரு அளவுகோல்தான். ஒரு பொருள் தன்னைத் தாண்ட ஒளிக்கு ஆகுற நேரத்த விட வேகமா மொத்தமா மினுக்க முடியாது. இருபது லட்சம் சூரிய நிறைன்னு வச்சுக்கிட்டா அந்தக் கருந்துளையோட ஈர்ப்பு ஆரம், அதாவது நாம அளக்குற அடிப்படை நீளம், சுமார் 30 லட்சம் கிலோமீட்டர், ஒளிக்கு அதத் தாண்ட 10 செகண்ட். சுழலாத கருந்துளைல தட்டோட உள்விளிம்பு இதுல 6 மடங்குல நிக்கும், அதாவது 1 கோடியே 80 லட்சம் கிலோமீட்டர், புதன் கிரகம் சூரியனச் சுத்துற தூரம் 5 கோடியே 80 லட்சம். நாம படிக்கப்போற கூத்து முழுக்க புதனோட பாதைக்குள்ளயே நடக்குது, அதுவும் 12 கோடி ஒளியாண்டு தள்ளி.

சரி, இப்போ ஸ்பெக்ட்ரம். பக்கத்துப் பக்கத்து சேனல்கள சேத்து ஒவ்வொரு கட்டத்துலயும் குறைஞ்சது 25 ஃபோட்டானாவது இருக்குற மாதிரி குரூப் பண்ணுங்க, மாடல் டேட்டாவோட எவ்வளவு ஒட்டுதுன்னு சொல்ற கை-ஸ்கொயர் கணக்கு ஒழுங்கா வேலை செய்ய அது வேணும். எக்ஸ்-ஸ்பெக்க திறந்து ஏ, பி ரெண்டு ஸ்பெக்ட்ரத்தையும் ஏத்துங்க. பேக்ரவுண்ட் எந்த ஆற்றல்ல சோர்ஸ எட்டிப் பிடிக்குதுன்னு பாத்து அதுக்கு மேல இருக்குறத ஒதுக்கிடுங்க. தனிம அளவுக்கு வில்ம் டேபிள போடுங்க, சும்மா விட்டா அது பழைய டேபிளத்தான் எடுத்துக்கும்.

மாடல் எளிமையா ஆரம்பிக்கணும். கான்ஸ்டன்ட், டிபாப்ஸ், பவர்லா, மூணையும் பெருக்குங்க. கான்ஸ்டன்ட் எதுக்குன்னா ஏவும் பியும் ஒண்ணுக்கொண்ணு ரெண்டு மூணு சதவீதம் வித்தியாசமா காட்டும், அத சரிக்கட்ட. டிபாப்ஸ் நம்ம பால்வெளில இருக்குற வாயு எக்ஸ்ரேய விழுங்குறதுக்கு, இந்தத் திசைல சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 4×10^20 ஹைட்ரஜன் அணு. இங்க ஒரு குழி இருக்கு, எக்ஸ்-ஸ்பெக்ல யூனிட் 10^22, அதனால 0.04ன்னு போடணும். 4ன்னு போட்டுட்டு எக்ஸ்ரே எல்லாம் எங்க போச்சுன்னு தேடுறவங்கள நிறைய பாத்திருக்கேன். அந்த மதிப்ப ஃப்ரீஸ் பண்ணிடுங்க, அதாவது ஃபிட் பண்றப்ப மாறாம பூட்டிடுங்க. பவர்லாதான் கொரோனாலேந்து நேரா வர்ற எக்ஸ்ரே.

இப்போதான் முக்கியமான கட்டம். 4லேந்து 8 வரைக்கும், அப்புறம் 10க்கு மேல எல்லாத்தையும் இக்னோர் பண்ணிட்டு, மிச்சம் இருக்குறதுல மட்டும் பவர்லாவ ஃபிட் பண்ணுங்க, ஆற்றல் ஏற ஏற ஃபோட்டான் எவ்வளவு வேகமா குறையுதுன்னு சொல்ற ஃபோட்டான் இண்டெக்ஸ் 2 பக்கத்துல வரும். திரும்ப ஃபிட் பண்ணாம, முன்னாடி ஒதுக்குனதெல்லாம் நோட்டீஸ்னு போட்டு திரும்ப கொண்டு வந்து, டேட்டாவ மாடலால வகுத்த ரேஷியோ பிளாட் போடுங்க. கோடு 1லயே படுத்திருக்க வேண்டிய இடத்துல 6 கேஇவி பக்கம் மேடு ஒண்ணு எழும்பி நிக்கும், அதோட வலது பக்கம் சட்டுன்னு விழும், இடது பக்கம் மெதுவா சரிஞ்சு 5, 4ன்னு வால் நீளும். 20, 30 கேஇவி பக்கம் இன்னொரு பெரிய திமில். முதல் மேடு தட்டுல இருக்குற இரும்பு, ரெண்டாவது அதே தட்டு எக்ஸ்ரேய தெறிச்சு விட்டது, காம்ப்டன் ஹம்ப்னு பேர். தட்டு இருக்குன்னு சொல்ற சாட்சி ரெண்டும், ஒரே படத்துல. அந்தப் படத்த மொத மொத என் ஸ்கிரீன்ல பாத்தப்ப ராத்திரி ரெண்டு மணி, வீட்ல எல்லாரும் தூங்கிட்டாங்க, எழுப்பி காட்டலாமான்னு இருந்துச்சு. இந்த ஒரு படத்துக்காகவே மேல சொன்ன அத்தனையும் செய்யலாம்.

இதுக்கப்புறம் அவசரம் வேண்டாம், ஒவ்வொரு படியா ஏறணும். மொதல்ல ஒல்லியா ஒரு காசியன் (மணி வடிவ) கோடு சேருங்க, கேலக்ஸி நம்மள விட்டு விலகிப் போறதால 6.4 நமக்கு 6.35லதான் தெரியும், ரெட்ஷிஃப்ட் போட மறந்தீங்கன்னா எல்லாமே தள்ளிப்போகும். இந்த ஒல்லிக் கோடு ரொம்ப வெளிய, மெதுவா சுத்துற பொருள்லேந்து வர்றது. அத எடுத்த பிறகும் அகலமான மேடு மிச்சம் இருக்கும். ஒல்லிக் கோட்டுக்கு பதிலா சில்வர் மாடல் போட்டா தூரத்துப் பிரதிபலிப்பு ஒழுங்கா வரும், கடைசியா ரெல்சில் மாடல போட்டா உள் தட்டோட பிரதிபலிப்பு சார்பியல் கணக்கோட வரும். ரெல்சில்ல பத்துக்கு மேல பாராமீட்டர் இருக்கு, எல்லாத்தையும் ஒரே நேரத்துல திறந்து விட்டா ஃபிட் எங்கயாவது ஒரு பள்ளத்துல போய் உக்காந்துக்கும். எது எத தீர்மானிக்குதுன்னு தெரிஞ்சு வச்சுக்கிட்டா நல்லது: மேட்டோட வலது விளிம்பு எங்க விழுதுங்கிறது நாம தட்ட எந்தக் கோணத்துல பாக்குறோம்ங்கிறத சொல்லும், இங்க 30 டிகிரி பக்கம் வரும். இடது வால் எவ்வளவு நீளுதுங்கிறது தட்டு எவ்வளவு உள்ள வரைக்கும் போகுதுங்கிறத சொல்லும். காம்ப்டன் ஹம்ப்போட உயரம் தட்டு எவ்வளவு தெறிக்குதுங்கிறத சொல்லும். கோணத்த 30லயும் இரும்பு அளவ 1லயும் (சூரியன்ல இருக்குற அளவு) ஃப்ரீஸ் பண்ணி ஆரம்பிச்சு, ஒண்ணொண்ணா திறந்து விடுங்க.

ஸ்பின், அதாவது கருந்துளை எவ்வளவு வேகமா சுழலுதுங்கிற அளவு (சுழலாததுக்கு 0), எங்கேந்து வருதுன்னா, அந்த இடது வால்லேந்துதான். சுழலாத கருந்துளைக்கு தட்டு 6 ஈர்ப்பு ஆரத்தோட நின்னுடும், அதுக்குள்ள நிலையா சுத்த முடியாது, நேரா உள்ள விழுந்துரும். ஸ்பின் 0.998 இருந்தா தட்டு 1.24 வரைக்கும் வரலாம். உள்ள போகப் போக ஈர்ப்பு ஃபோட்டான அதிகமா இழுக்கும், வால் அதிகமா நீளும். 2006ல பிரென்மனும் ரெனால்ட்ஸும் எக்ஸ்எம்எம் டேட்டா வச்சு இதே கேலக்ஸிக்கு 0.989ன்னு சொன்னாங்க. நியூஸ்டார் டேட்டாவும் சேந்த பிறகு 2014ல வந்த பேப்பர்ல 0.9 பக்கம் வந்துச்சு.

இங்கதான் நான் ரொம்ப அழுத்திச் சொல்லணும். ரெல்சில் ஒரு ஸ்பின் நம்பர் தரும், அத உடனே நம்பாதீங்க, யாருக்கும் சொல்லவும் சொல்லாதீங்க. முதல்ல எரர் கமாண்ட் போட்டு வரம்பு பாருங்க, அப்புறம் ஸ்டெப்பார் போட்டு ஸ்பின்ன 0லேந்து 0.998 வரைக்கும் நடக்க விட்டு கை-ஸ்கொயர் எப்படி மாறுதுன்னு பாருங்க, ஒரே ஒரு ஆழமான பள்ளம் இருந்தா நல்லது, ரெண்டு மூணு பள்ளம் இருந்தா டேட்டாவால முடிவு பண்ண முடியலன்னு அர்த்தம். ஸ்பின்னும் இரும்பு அளவும் ஒண்ணோடொண்ணு கைகோத்துக்கிட்டு நகரும், ரெண்டையும் சேத்து மாத்தி கை-ஸ்கொயர் எப்படி மாறுதுன்னு காட்டுற கான்டூர் படம் போட்டுப் பாக்கணும். அதுக்கும் மேல, 2008ல மில்லர், டர்னர், ரீவ்ஸ் மூணு பேரும் இதே கேலக்ஸில அகலக் கோடே வேண்டாம், நடுவுல இருக்குற வாயு மேகங்க மையத்த அரைகுறையா மறைக்கறதாலயே ஸ்பெக்ட்ரம் அப்படி வளையுதுன்னு காட்டுனாங்க. அந்த மாடலும் டேட்டாவோட ஒட்டிச்சு. நீங்களும் பகுதி மறைப்பு மாடல் ஒண்ண போட்டு அதே டேட்டாவுல ஃபிட் பண்ணிப் பாருங்க. ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே கை-ஸ்கொயர் தர்றப்ப எத நம்பறதுங்கிற கேள்விய கையால தொட்டுப் பாத்தாத்தான் ஒரு ஸ்பின் நம்பருக்குப் பின்னால எவ்வளவு வேலை இருக்குன்னு புரியும்.

அந்தச் சண்டைய பிரிக்க 3 கேஇவிக்குக் கீழயும் பாக்கணும், அதுக்கு எக்ஸ்எம்எம்-நியூட்டன். 1999 டிசம்பர்ல ஏரியான் 5ல போனது, 48 மணி நேர நீளச் சுத்துப் பாதை, அதனால நியூஸ்டார் மாதிரி வெட்டு இல்லாம ஒரு நாளைக்கு மேல தொடர்ந்து பாக்கும். இதுக்கு சாஸ்னு தனி சாஃப்ட்வேர், பிஎன் கேமரால மட்டும் ஆரம்பிங்க. இதுல மென் புரோட்டான் கூட்டம் அப்பப்போ கண்ணாடி வழியா புகுந்து டிடெக்டர ரொப்பிடும், 10 கேஇவிக்கு மேல லைட் கர்வ் எடுத்து செகண்டுக்கு 0.4 எண்ணிக்கைய தாண்டுன நேரத்தையெல்லாம் வெட்டிடுங்க. நல்ல ஃபோட்டான மட்டும் வடிகட்ட பேட்டர்ன் 4 வரைக்கும், ஃபிளாக் 0, இது ரெண்டும் கட்டாயம். இபேட்பிளாட் போட்டு பைல்-அப் பாக்காம விடாதீங்க. 1 கேஇவி பக்கம் வந்தா அயனி ஆக்சிஜன், இரும்பு எல்லாம் கடிச்ச பள்ளங்க தெரியும், அதுதான் நான் மொதல்ல சொன்ன வாயுத்திரை. அதுக்கு அயனி வாயு எக்ஸ்ரேய எப்படி விழுங்கும்னு கணக்கு வச்சிருக்குற எக்ஸ்ஸ்டார் டேபிள் ரெண்டு மூணு வேணும், எக்ஸ்எம்எம்ல இருக்குற ஆர்ஜிஎஸ்ங்கிற இன்னொரு கருவியோட ஸ்பெக்ட்ரமும் வேணும், ரெண்டு மாசம் எடுத்துக்கும், மொத ரவுண்டுல 3 கேஇவிக்கு மேல மட்டும் வச்சுக்கறது தப்பே இல்ல.

இன்னொரு வழியும் இருக்கு, எனக்கு மனசுக்கு நெருக்கமான வழி. கிணத்துல கல்ல போட்டுட்டு சத்தம் வர எவ்வளவு நேரம் ஆகுதுன்னு எண்ணி ஆழத்த சொல்லுவாங்கல்ல ஊர்ல, அதே வேலைய எக்ஸ்ரேல பண்ணலாம். கொரோனா மினுக்குனா நேரா வர்ற வெளிச்சம் முதல்ல வரும், தட்டுல பட்டுத் திரும்புனது கொஞ்சம் தாமதமா வரும், அந்தத் தாமதம்தான் கொரோனாவுக்கும் தட்டுக்கும் இருக்குற தூரம். 1எச் 0707-495ங்கிற கேலக்ஸில இந்த எதிரொலிய 30 செகண்டுன்னு அளந்து 2009ல நேச்சர்ல போட்டாங்க, 2012ல என்ஜிசி 4151ல இரும்புக் கோடே தாமதமா வர்றதயும் பிடிச்சாங்க. இதுக்கு வெட்டில்லாத லைட் கர்வ் வேணும், அதனால எக்ஸ்எம்எம் டேட்டாதான். ரெண்டு ஆற்றல் பட்டைக்கு தனித்தனி லைட் கர்வ் எடுத்து, பைத்தான்ல ஸ்டிங்ரே பேக்கேஜ் போட்டு கிராஸ் ஸ்பெக்ட்ரம் கணக்கு பண்ணா, எந்த வேகத்து மினுக்கலுக்கு எவ்வளவு தாமதம்னு கிராஃப் வரும். மெதுவான மினுக்கல்ல கடின எக்ஸ்ரேதான் பின்னாடி வரும், அது தட்டுல உள்நோக்கி நகர்ற அலைகளால, அத எதிரொலின்னு நெனச்சுடாதீங்க. வேகமான மினுக்கல் பக்கம் போனா குறி தலைகீழா மாறும், அங்கதான் எதிரொலி இருக்கு.

நம்ம பக்கத்து டேட்டாவையும் விட்டுறாதீங்க. 2015 செப்டம்பர் 28ல ஸ்ரீஹரிகோட்டாலேந்து பிஎஸ்எல்வி சி30ல போன அஸ்ட்ரோசாட், அல்ட்ராவயலட்டையும் எக்ஸ்ரேயையும் ஒரே நேரத்துல பாக்கும், அதாவது தட்டையும் கொரோனாவையும் ஒண்ணா. பெங்களூரு பக்கத்துல இருக்குற இஸ்ரோவோட ஐஎஸ்எஸ்டிசி ஆர்கைவ்ல ரெஜிஸ்டர் பண்ணா டேட்டா எடுக்கலாம், புனேல ஐயுகாங்கிற வானியல் ஆராய்ச்சி மையத்துல இருக்குற உதவி மையம் சாஃப்ட்வேர் விவரமெல்லாம் வச்சிருக்கு. அஸ்ட்ரோசாட்ல இருக்குற எஸ்எக்ஸ்டிங்கிற எக்ஸ்ரே டெலஸ்கோப்ல சோர்ஸ் பொட்டு ரொம்ப அகலமா விழும், அதனால பக்கத்துல பேக்ரவுண்ட் வட்டம் போடறதுக்கு இடமே இருக்காது, அவங்களே தர்ற வெறும் வான பேக்ரவுண்ட் ஃபைலத்தான் எடுக்கணும். சந்திரா டெலஸ்கோப்ப பத்தியும் சொல்லணும், சென்னை பிரெசிடென்சி காலேஜ்ல படிச்ச சுப்ரமணியன் சந்திரசேகரோட பேர்ல 1999 ஜூலைல போனது, அரை ஆர்க்செகண்ட் வரைக்கும் கூர்மையா பாக்கும். ஆனா நம்ம கேலக்ஸி மாதிரி பிரகாசமான மையத்துக்கு அதோட சாதா கேமரா படம் பைல்-அப்ல நாசமாகிடும், ஒளிய ஆற்றல் வாரியா பிரிச்சு விடுற கிரேட்டிங் போட்டு எடுத்த டேட்டாவ மட்டும் தேடுங்க.

நீங்க செய்யற ஒவ்வொரு ஃபிட்டையும் எக்ஸ்சிஎம் ஃபைலா சேவ் பண்ணுங்க, லாக்க ஆன் பண்ணி வைங்க, ஹீசாஃப்ட் வெர்ஷன், கால்டிபி தேதி, வட்டத்தோட மையம், ரேடியஸ் எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதுங்க. ஆறு மாசம் கழிச்சு ஒருத்தர் கேட்டா நீங்களே அத திரும்ப எடுத்துக் காட்ட முடியணும். எம்சிஜி-6-30-15ல ரேஷியோ பிளாட்டும் ஸ்டெப்பார் கிராஃபும் கைக்கு வந்ததும், அதே வரிசைய அப்படியே ஆர்க் 120ங்கிற கேலக்ஸில ஓட்டுங்க, அதுல வாயுத்திரை கிட்டத்தட்ட கிடையாது, அதனால வர்ற வளைவ வாயு மேல பழி போட முடியாது. அதுவும் முடிஞ்சுதுன்னா 2023 செப்டம்பர்ல போன ஜப்பானோட எக்ஸ்ரிசம் டேட்டா இருக்கு, 6 கேஇவில நியூஸ்டார் 0.4 கேஇவில பிரிக்குறத அது 0.005ல பிரிக்கும், எம்சிஜி-6-30-15ஐயும் அது பாத்திருக்கு. நீங்க நியூஸ்டார்ல ஒரே மேடா பாத்த இடத்துல ஒல்லிக் கோடு தனியா, அகலக் கோடு தனியா பிரிஞ்சு நிக்கறத அங்க பாக்கலாம். ரேஷியோ பிளாட்ட ரெண்டையும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு வச்சு பிரிண்ட் எடுத்துட்டு, எனக்கும் ஒண்ணு அனுப்புங்க.